நெர்சின்ஸ்க் எல்லை உடன்படிக்கை

அமூர் ஆற்றங்கரை நிலத்துக்காகப் பல ஆண்டுகள் மோதிய ஜாரின் ருஷ்யாவும் சிங் மரபினர் ஆண்ட சீனாவும் 1689இல் நெர்சின்ஸ்க் என்ற சைபீரியக் கோட்டையூரில் செய்துகொண்ட உடன்படிக்கை, ஐரோப்பிய அரசொன்றோடு சீனா சமநிலையில் நின்று எழுதிய முதல் ஒப்பந்தமாகக் கருதப்படுகிறது. ருஷ்யத் தரப்பில் கொலோவினும் சீனத் தரப்பில் சோங்கோத்துவும் தலைமையேற்ற பேச்சில் இடைநின்று மொழிபெயர்த்தவர்கள் பெரெய்ரா, ஜெர்பிய்யோன் என்ற இரு சேசு சபைத் துறவியர்; அதனால் இரு தரப்பாருக்கும் தாய்மொழியல்லாத இலத்தீனிலேயே அதிகாரபூர்வப் படி எழுதி முத்திரையிடப்பட்டது சற்று வேடிக்கையானதே. ஆர்குன் ஆறும் கோர்பித்சா ஆறும் எல்லையாயின. ருஷ்யர் அல்பசின் கோட்டையைக் கைவிட்டு வெளியேற, கடவுச்சீட்டு வைத்திருந்த வணிகர் எல்லை கடந்து வாங்கி விற்க உரிமை பெற்றனர். கிழக்கே உடா ஆற்றை ஒட்டிய நிலத்தை மட்டும், அதைப் பற்றிய தெளிவான விவரம் இல்லாததால், யாருக்கென்று முடிவு செய்யாமலே விட்டுவிட்டனர்.