டெட்ராய்ட்: பெட்ரோல் விலையும் ஒரு கொலையும்

1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. 1979இல் ஈரான் புரட்சி. பெட்ரோல் விலை ஏற ஏற அமெரிக்கர்கள் சிறிய ஜப்பான் கார்களுக்கு மாறினார்கள். திவாலாகவிருந்த கிறைஸ்லரின் 150 கோடி டாலர் கடனுக்கு 1980இல் அரசே ஜாமீன் நின்றது. (ஜாமீன் யாருக்குக் கிடைக்கிறது என்பது தனி வரலாறு.) தொழிலாளி கூலியை விட்டுக்கொடுத்தான், பல்லாயிரம் பேருக்கு வேலையே போச்சு. பெரிய காரில்தான் லாபம் என்று பிடிவாதம் பிடித்த நிர்வாகத்தை விட்டுவிட்டு, கோபம் 'ஜப்பான்காரன்' என்கிற மற்றமையைத் தேடிக்கொண்டது. ஜப்பான் கார்களைச் சம்மட்டியால் உடைத்தார்கள். 1982 ஜூனில் வின்சென்ட் சின்னை பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றார்கள். அவர் சீன வம்சாவளி அமெரிக்கர். வெறுப்புக்கு இந்த வித்தியாசமெல்லாம் எங்கே தெரியுது? அடித்தவர் கிறைஸ்லர் மேற்பார்வையாளர். கூட இருந்த அவரது மனைவியின் மகன், வேலையிழந்த கார்த் தொழிலாளி. 1983 தீர்ப்பில் சிறை இல்லை. ஆளுக்கு 3,000 டாலர் அபராதம், 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. சின்னின் தாய் 1987இல் சீனாவுக்கே திரும்பிப் போனார்.