குடும்ப வன்முறை: இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு பெறும் முறை

குடும்ப வன்முறையால் காயமுற்ற பெண்ணுக்குச் சிகிச்சை மட்டும் போதாது. மீண்டும் தாக்கப்படாமல் இருப்பதற்கான பாதுகாப்பும் தேவை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 அதற்கு வழிசெய்கிறது. முன்னதாகக் காவல் நிலையத்தில் புகார் அளித்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

யார் கோரலாம்?

மனைவி மட்டுமன்றி, ஒரே வீட்டில் வாழும் அல்லது வாழ்ந்த தாய், மகள், சகோதரி, திருமணத்தை ஒத்த உறவில் இருந்த பெண் ஆகியோரும் கோரலாம். உடல், பாலியல், மனம், பொருளாதாரம் சார்ந்த துன்புறுத்தல்கள் அனைத்தும் இச்சட்டத்தில் அடங்கும்.

மருத்துவமனையில் செய்ய வேண்டியவை

• காயம் யாரால், எப்போது, எவ்வாறு ஏற்பட்டது என்பதை மருத்துவரிடம் உள்ளபடி கூற வேண்டும். "வழுக்கி விழுந்தேன்" என்று கூறினால் அதுவே விபத்துப் பதிவேட்டில் இடம்பெறும். பின்னர் உண்மையை நிறுவுவது கடினமாகும்.
• உடன் வந்தவர் முன்னிலையில் பேச இயலாவிடில், மருத்துவரிடம் தனியே பேச வேண்டும் எனக் கேட்கலாம்.
• கழுத்து நெரிக்கப்பட்டிருந்தால், வெளியே தழும்பு இல்லாவிடினும் கூற வேண்டும். குரல் கம்முதல், விழுங்குவதில் சிரமம், மூச்சுத் திணறல் ஆகியவை உடனடிச் சிகிச்சைக்குரிய அறிகுறிகள்.
• மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறலாம். குடும்ப வன்முறை குறித்த அறிக்கை அதுவரை பதிவாகவில்லை எனில், மருத்துவமனைப் பொறுப்பாளரே உரிய படிவத்தை நிரப்பிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். அறிக்கை இல்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்கக் கூடாது.

எங்கு விண்ணப்பிப்பது?

தாம் வசிக்கும் பகுதியின் நீதித்துறை நடுவரிடம் மனு அளிக்கலாம்; தற்காலிகமாகத் தங்கியுள்ள இடமும் போதுமானது. பாதிக்கப்பட்டவர் சார்பில் பாதுகாப்பு அலுவலரோ, பராமரிப்பவர் உள்ளிட்ட பிறரோ மனு அளிக்கலாம். விவாகரத்து, ஜீவனாம்சம் போன்ற வழக்கு குடும்ப நல நீதிமன்றத்தில் ஏற்கெனவே நடைபெற்றால், அங்கேயே இந்த நிவாரணத்தைக் கோரலாம்.

முதல் விசாரணை பொதுவாக 3 நாட்களுக்குள் நடைபெறும். ஆபத்து உள்ளது எனப் பிரமாணப் பத்திரத்தின் வாயிலாகத் தெரியவந்தால், எதிர்த்தரப்பை விசாரிக்கும் முன்னரே நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பிக்கலாம்.

உத்தரவின் பயன்

தாக்குதல், பணியிடத்திற்கு வருதல், தொலைபேசி உள்ளிட்ட எவ்வழியிலும் தொடர்புகொள்ளுதல் ஆகியவற்றைத் தடுக்கலாம். வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமை, மருத்துவச் செலவு, குழந்தைகளின் தற்காலிகப் பொறுப்பு ஆகியவற்றையும் கோரலாம். பாதுகாப்பு உத்தரவை மீறுவோருக்கு 1 ஆண்டு வரை சிறை, ரூ.20,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். உத்தரவின் நகல் இலவசமாக வழங்கப்படும். அதனை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும்.

பராமரிப்பவர் கவனத்திற்கு

நீதிமன்ற அறிவிப்பு எதிர்த்தரப்பைச் சென்றடையும் நாட்களில் ஆபத்து கூடலாம். அதற்கு முன்பே பாதுகாப்பாகத் தங்கும் இடத்தை முடிவுசெய்ய வேண்டும். அடையாள அட்டைகள், மருத்துவ ஆவணங்கள், வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை ஒரே பையில் எடுத்துவைக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் விருப்பமின்றிச் சமரசம் பேசுதல் கூடாது.

உதவிக்கு

மகளிர் உதவி எண்: 181
அவசரக் காவல் உதவி: 112
இலவசச் சட்ட உதவி: 15100 (பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை)
பாதுகாப்பு அலுவலரைத் தொடர்புகொள்ள: மாவட்ட சமூகநல அலுவலகம்