பஸ் அனுமதிப் பத்திரத்தின் வரலாறு

வீதி எல்லார்க்கும் பொதுவானது. ஆயினும் அவ்வீதியிலே கட்டணம் பெற்று மக்களை ஏற்றிச் செல்லும் உரிமை எல்லார்க்கும் உரியதன்று. அரசாங்கம் வழங்கும் அனுமதிப் பத்திரம் அதற்கு வேண்டும். அப்பத்திரம் யாருடைய நலனைக் காப்பதற்காக வழங்கப்படுகின்றது? இலங்கையின் பஸ் வரலாற்றை நோக்குவோர் இவ்வினாவை மீண்டும் மீண்டும் சந்திக்கின்றனர்.

1930களில் இந்நாட்டின் பஸ் சேவை தனியார் கைகளில் இருந்தது. ஒரே வீதியிற் பல உரிமையாளர்கள் போட்டியிட்டனர். முன்னே செல்லும் வண்டியை முந்திப் பிரயாணிகளைக் கவர்வதும், வண்டி நிறையும்வரை தரிப்பிடத்திற் காத்து நிற்பதும், ஆட்கள் குறைந்த வேளைகளில் ஓடாது விடுவதும் வழக்கமாயின. பிரித்தானியாவிலும் இத்தகைய போட்டி நிலவிற்று. அதனை அடக்கவே 1930ஆம் ஆண்டு அங்கு ஒரு சட்டம் பிறந்தது. புதிதாகச் சேவை நடத்த விரும்புவோர், அதற்குத் தேவை உண்டென்பதைப் போக்குவரத்து ஆணையாளர் முன்னிலையில் நிறுவவேண்டியதாயிற்று.

இலங்கையில் 1942ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இத்துறையிற் பெருமாற்றத்தை ஏற்படுத்தியது. ஒரு வழிக்கு ஓர் உரிமையாளர் என்பதே அதன் அடிப்படை. ஆகவே, ஒரே வழியில் ஓடிய சிறு உரிமையாளர்கள் பலர் ஒன்றுகூடிக் கம்பனிகளாயினர். ஆணையாளரின் தீர்ப்பினால் உரிமை இழந்தோர் மேன்முறையீட்டு மன்றை நாடினர். வீதிப் போட்டி தணிந்தது. ஆனால் ஏகபோகம் தோன்றிற்று. வேறொரு வண்டியை நாட வழியற்ற பிரயாணி, கம்பனி அனுப்பிய வண்டியிலேயே நெருக்குண்டு செல்லவேண்டியவரானார்.

1948ஆம் ஆண்டு முதல் நடந்த ஆய்வுகள் தேசியமயமாக்கலுக்கு வழிகோலின. 1957ஆம் ஆண்டின் சட்டத்தைத் தொடர்ந்து, 1958 சனவரி முதலாந் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை தன் பணியைத் தொடங்கியது. தீவு முழுவதற்கும் உரிமை ஒரே நிறுவனத்தினிடம் சேர்ந்தது. இலாபம் தராத கிராமத்து வழிகளிலும் பஸ் ஓடியது. அதனால் உண்டான நட்டத்தைப் பொதுப்பணமே தாங்கிற்று.

1978இல் அச்சபை பிரதேச சபைகளாகப் பிரிக்கப்பட்டது. 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. 1991ஆம் ஆண்டின் சட்டம் தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவை அமைத்தது. மாகாணங்களுக்கிடையே ஓடும் பஸ்களுக்கு அவ்வாணைக்குழுவும், ஒரு மாகாணத்துள் ஓடுவனவற்றுக்கு அம்மாகாணத்தின் அதிகாரசபையும் அனுமதி வழங்குகின்றன. வண்டிகள் பெருகின, 1930களில் எழுந்த முறைப்பாடுகளும் அவற்றோடு திரும்பி வந்தன.

தனியார், கம்பனி, அரசாங்கம் என உரிமை கைமாறியதனால் மட்டும் பிரயாணியின் குறை தீர்ந்துவிடவில்லை. அனுமதிப் பத்திரம் உரிமையை வழங்குவதோடு கடமையையும் விதித்தல் வேண்டும். குறித்த நேரத்திற் புறப்படுதலும், ஆட்கள் குறைந்த இரவிலும் கடைசிப் பஸ்ஸை ஓட்டுதலும் அக்கடமைகளாம். பட்டணத்தில் வேலை முடித்து ஊர் திரும்ப நிற்கும் ஏழைத் தொழிலாளிக்கு, அந்தக் கடைசிப் பஸ் வருமா என்பதே கேள்வி.