விமானப் புகையை எப்படி அளந்தார்கள்?

1958-ல் பயணிகளோடு பறக்கத் தொடங்கிய போயிங் 707 கிளம்பினால் பின்னால் கரும்புகை நீளமாக நிற்கும். இழுவிசை கூட்ட என்ஜினுக்குள் தண்ணீர் பீய்ச்சியது ஒரு காரணம். பழைய படங்களைப் பார்த்தால் ஏதோ தீப்பிடித்ததுபோல இருக்கும்!

1970-ல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் விமானங்களுக்கும் வரம்பு வைக்கச் சொன்னது. வரம்பு வைக்க முதலில் அளக்க வேண்டுமே? புகையை ஒரு வெள்ளை வடிதாள் வழியே இழுத்து, தாள் எவ்வளவு கறுத்தது என்று பார்த்து எண் கொடுத்தார்கள். இதுதான் 'புகை எண்'. நம் லேபில் செய்வதுபோல எளிய வேலைதான். 1981-ல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இதை உலக விதிகளில் சேர்த்தது.

அந்த விதிகளில் 3000 அடிக்குக் கீழே நடப்பதற்கு மட்டும்தான் கணக்கு. ஓடிக் கிளம்ப 0.7 நிமிடம், மேலேற 2.2, இறங்கி வர 4, தரையில் ஊர்வதற்கும் காத்திருப்பதற்கும் 26. ஆமாம், பெரும்பகுதி தரையில்தான்! கார்பன் மோனாக்சைடு அதிகம் வருவதும் அந்த மந்தமான 26 நிமிடங்களில்தான். நைட்ரஜன் ஆக்சைடுகள் முழுவேகத்தில் கிளம்பும்போது அதிகம்.

ஆனால் இது சோதனைக்கூடத்து என்ஜின் கணக்கு. வெளியே விமானப் புகையோடு பேருந்து, லாரி, இழுவை வண்டிப் புகையும் கலந்துவிடுகிறது. எது யாருடையது? 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலை இதற்கு உதவியது. சாம்பலால் லண்டன் ஹீத்ரோவில் 15 முதல் 20 வரை விமானங்கள் நின்றன. நிலையத்தை ஒட்டிய கருவிகளில் நைட்ரஜன் ஆக்சைடுகள் தெளிவாகக் குறைந்தன. (பயணிகளின் கார்களும் குறைந்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.)

எனக்கு மிகவும் பிடித்தது லாஸ் ஏஞ்சல்ஸ் கதை. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, கடற்காற்று வீசும் திசையில் தெருத்தெருவாக ஓட்டிப் பார்த்தார்கள். 0.1 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் 10 கிலோமீட்டர் வரை நான்கு மடங்கு, 16 கிலோமீட்டர் வரை இரண்டு மடங்கு! 2014-ல் முடிவு வெளியானது. அதுவரை ஏன் தெரியவில்லை? வழக்கமான கருவிகள் துகள்களை எடைபோடும். இவற்றுக்கோ எடையே இல்லாத மாதிரி. எண்ணினால்தான் தெரியும். கரும்புகை மறைந்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தவர்களின் வீடுகள் அந்தப் பாதையில்தான் இருந்தன.

2019-ல் என்ஜின் துகள்களின் எண்ணிக்கைக்கும் உலக வரம்பு ஒப்புக்கொள்ளப்பட்டது. 2023 முதல் புதிய ரக என்ஜின்களுக்கு அது பொருந்துகிறது. வீட்டு ஜன்னலுக்கு வெளியே உள்ள காற்றுக்கு? உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதலிலும் இந்த மிக நுண்ணிய துகள்களுக்கு வரம்பு எண் இல்லை. எண்ணி அளக்கச் சொன்னது.