குமரிக் கரையில் நிலத்தடி நீர்க்கசிவும் கடல்நீர் மாசும்

நிலத்துக்குள் இறங்கிய மழைநீரும் பாசன நீரும் மணல் வழியாகவும் பாறை இடுக்கு வழியாகவும் நகர்ந்து, கடலின் அடித்தரையில் கசிந்து வெளிவருவது கடலடி நிலத்தடி நீர் வெளியேற்றம் எனப்படும். அலையும் ஓதமும் கரை மணலுக்குள் தள்ளிய உப்புநீர் மீண்டும் வெளியே வருவதும் இதில் சேரும். திருச்செந்தூர் நாழிக்கிணறு, ராமேஸ்வரம் தீவின் வில்லூண்டி தீர்த்தம், யாழ்ப்பாணத்துக் கீரிமலை எனக் கடலை ஒட்டி நல்ல தண்ணீர் ஊறும் இடங்கள் தமிழர் அறிந்தவையே. அந்த நீர் கடலுக்கு எதைக் கொண்டுபோகிறது என்பது அண்மைக் காலக் கேள்வி. அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் ஆறுகள் தரும் நீரில் சுமார் 40 விழுக்காட்டுக்கு ஈடான நிலத்தடி நீர் கடலில் சேர்வதாக வில்லார்ட் மூர் 1996இல் ரேடியம் அளவீட்டைக் கொண்டு மதிப்பிட்டார். அதன்பின் ஆய்வுகள் பெருகின.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தக் கசிவுக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. மலை கடலை நெருங்கி நிற்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெய்கிறது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீர் கால்வாய்களில் ஓடிக் குளம் குளமாக நிறைகிறது. நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் நெல் விளைகிறது. குளமும் வயலும் தேக்கும் நீரில் ஒரு பங்கு கீழிறங்கி, கரையோர மணலை நோக்கி நகர்கிறது. பழையாறு கடலைத் தொடும் மணக்குடியில் பொழிமுகம் மணலால் அடைபடும்போது, உள்ளே தேங்கும் காயல் நீர் அந்த மணல்திட்டின் ஊடாகவே கடலுக்குக் கசியும். ஆற்றுமுகத்தில் மட்டும் மாதிரி எடுப்பவர் கண்ணில் இது படாது.

வயலில் இடும் யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்ளாத பகுதி நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட் மண்ணில் ஒட்டாது, நீரோடு போய்விடும். பாஸ்பேட்டையோ செம்மண்ணின் இரும்புச் சேர்மங்கள் பெரிதும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. அதனால் கசிவுநீரில் பாஸ்பரஸை விட நைட்ரஜன் மிஞ்சியிருப்பது வழக்கம். இந்த ஏற்றத்தாழ்வு எந்த மிதவைப் பாசி வளரும் என்பதையே மாற்றக்கூடியது. காற்றுப்படாத சேற்றில் மட்டும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றிவிடும். காயல்களையும் அலையாத்திச் செடிகளையும் காக்க இந்த ஒரு காரணமே போதும்.

நைட்ரேட்டின் இன்னொரு ஊற்றுக்கண் மலக்குழி. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் வாழ்கிறார்கள். கடலோர மீனவ ஊர்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. கழிவுநீர்க் குழாய் இல்லாத இடத்தில், அடித்தளம் பூசாத குழியின் கழிவு மணலில் நேராக இறங்குகிறது. சில அடி தள்ளிக் கிணறு இருக்கும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. தாண்டினால் கடலுக்கு முன்பே அந்த வீட்டுக் குழந்தைக்குத்தான் தீங்கு. இதை மீனவர் மீது பழியாகச் சுமத்துவது அநியாயம். அவர்களுக்கு வேறு வசதி செய்து கொடுக்கப்படவில்லை.

கசிவைக் கண்டறிய ரேடான் 222 பயன்படுகிறது. பாறையில் பிறக்கும் இவ்வாயு நிலத்தடி நீரில் செறிந்தும் கடல்நீரில் அரிதாகவும் இருக்கும், 3.8 நாளில் பாதியாகும். மாவட்டத்தின் மேற்கு எல்லை ஊரான நீரோடிக்கு வடமேற்கே, கேரளத்து விழிஞ்சம் கரையில் இம்முறையில் செய்த ஆய்வு 2009இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. ரேடியத்தைக் கொண்டு அளப்பதானால் குமரியில் கூடுதல் எச்சரிக்கை தேவை. மணவாளக்குறிச்சிப் பகுதி மணலின் மோனசைட்டில் தோரியம் இருப்பதால் ரேடியம் 228, 224 ஆகியவை மணலிலிருந்தே உருவாகின்றன. அந்தப் பின்னணியைக் கழிக்காமல் சொல்லும் கணக்கு நம்பத்தக்கதல்ல.

ஊட்டச்சத்து மிகுந்தால் பாசி பெருகும். அது அழுகும்போது நீரின் ஆக்சிஜன் குறையும். 2019இல் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூகா என்னும் மிதவை நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையானது, பாம்பன் பக்கம் மீன்கள் செத்து ஒதுங்கின. ஆனால் அத்தகைய ஒவ்வொரு நிகழ்வையும் கசிவின் கணக்கில் எழுதிவிடக்கூடாது. தென்மேற்குப் பருவத்தில் குமரிக்கு மேற்கே ஆழ்கடல் குளிர்நீர் மேலெழுந்து தானாகவே ஊட்டம் கொண்டுவருகிறது. இங்குள்ள மீன்வளத்துக்கு அதுவே பெருங்காரணம்.

கசிவு தரும் ஊட்டத்தையும் ஆழ்கடல் தரும் ஊட்டத்தையும் பிரித்தறிய, கரைக்குக் குறுக்கே வரிசையாக அமைந்த கிணறுகளில் இரு மழைக்காலத்திலும் சித்திரைக் கோடையிலும் நைட்ரேட், உப்பு, ரேடான் ஆகியவற்றை அளக்க வேண்டும். நிலத்தடி நீர் மெதுவாக நகர்வதால் இன்று கடலில் கசியும் நைட்ரேட் பல ஆண்டுகளுக்கு முன் இட்ட உரத்தினுடையதாக இருக்கலாம். இன்று குழிகளைப் பூசினாலும் உரத்தைக் குறைத்தாலும் கிணற்று நீரில் அது தெரியவே சில ஆண்டுகள் ஆகும். கடலில் இன்னும் தாமதமாகும்.