இருமுறை எழுந்த ஞாயிறு



இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே தூரம் எவ்வளவு, பயண நேரம் எவ்வளவு என்று எவரேனும் வினவினால், அது வெறும் கணக்கு என்றே நான் முன்பு எண்ணியதுண்டு. ஒரு நாள் பூகோள உருண்டையின்மீது நூலை இழுத்துப் பிடித்து, மேற்கு ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் நகரிலிருந்து, இலங்கையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரிவரை அளந்து பார்த்தேன். ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். நூலின் கீழே இந்துமாக்கடல். இந்த வழியின் வரலாற்றை அறிந்தபின் என் எண்ணம் மாறிற்று.

1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்த மாதமே சாவகத் தீவும் ஜப்பானியர் வசமாயிற்று. ஊர் ஊராக இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்து சென்ற விமானங்களின் பாதை அறுந்துபோயிற்று. அறுந்த இழையை எங்ஙனம் முடிவது? இடையில் எங்குமே இறங்காமல் கடலைக் கடப்பது ஒன்றே வழி. 1943-இல் குவாண்டாஸ் நிறுவனம் அப்பணியை மேற்கொண்டது.

கிடைத்தவை ஐந்து காட்டலினா விமானங்கள். நீரிலிருந்து எழும்பி நீரிலேயே இறங்குபவை. வேகமோ மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர்தான். கணக்கிட்டுப் பாருங்கள்: 28 மணி நேரத்துக்கு மேலாகிறது! எதிர்காற்று வீசினால் இன்னும் மிகும். ஒருமுறை 32 மணி 9 நிமிடம் ஆயிற்று. அவ்வளவு நேரம் பறப்பதற்கு வேண்டிய எண்ணெயே விமானத்தின் சுமையாகிவிட்டது. எஞ்சிய இடத்தில் மூன்று பயணிகளும், 69 கிலோ அஞ்சலும் மட்டுமே செல்ல இயன்றது.

விமானத்தில் துப்பாக்கி இல்லை. பகைவர் அறியாதிருக்க வானொலியும் மௌனம் காத்தது. இரவில் விண்மீன்களே வழிகாட்டின. ஐந்து விமானங்களும் விண்மீன்களின் பெயரையே தாங்கியிருந்தன. அவற்றுள் மூன்று, நாம் திருவோணம், கேட்டை, சித்திரை என்று வழங்குகின்ற விண்மீன்களே. ஒரே பயணத்தில் ஞாயிறு எழுவதை இருமுறை கண்ட பயணிகளுக்கு, ‘இரட்டைச் சூரியோதய இரகசிய அணி’யில் சேர்ந்ததாக நற்சான்றிதழும் வழங்கப்பட்டது.

1945 ஜூலை வரை 271 முறை இக்கடல் கடக்கப்பட்டது. ஒரு விமானமேனும் அழியவில்லை. ஆயினும் போர் முடிந்தபின், அமெரிக்காவுடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, அந்த ஐந்தும் கடலிலேயே மூழ்கடிக்கப்பட்டன.

2018 மார்ச் மாதத்தில் பெர்த்திலிருந்து லண்டனுக்கு, ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர், இடைநில்லா விமானம் ஒன்று சுமார் 17 மணி நேரத்தில் சென்றடைந்தது. இருநூறுக்கு மேற்பட்டோர் அமர்ந்து செல்லத்தக்க விமானம் அது. அன்று மூவர் கொக்கல வந்து சேர்வதற்குள் இன்று அத்தனை பேர் லண்டனையே அடைந்துவிடுகின்றனர்.

நண்பர்களே! பெர்த்துக்கும் கொக்கலவுக்கும் இடைப்பட்ட தூரம் அன்றும் 5,650 கிலோமீட்டர், இன்றும் அதுவே. குறைந்தது நேரந்தான். இனி, பயண அட்டவணையில் ‘இத்தனை மணி’ என்று காணும்போது, அந்த நேரத்தைக் குறைக்க வழி தேடியவர்களையும், குறையாத காலத்தில் இருளில் துணிந்து பறந்தவர்களையும் ஒருங்கே நினைத்துப் பாருங்கள்.