படிக அலையியற்றிச் சோதனையின் வரலாறு

படிக அலையியற்றி என்பது குவார்ட்சுத் தகட்டின் அதிர்வைக் கொண்டு நிலையான அதிர்வெண்ணில் மின் அலைவுகளை உருவாக்கும் மின்சுற்று ஆகும். இதற்கு அடிப்படையான அழுத்தமின் விளைவை ஜாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள் 1880-இல் பிரான்சில் கண்டறிந்தனர். குவார்ட்சால் கட்டுப்படுத்தப்படும் அலையியற்றியை 1921-இல் அமைத்தவர் அமெரிக்க இயற்பியலாளர் வால்ட்டர் கேடி.

தொடக்ககாலச் சோதனைகள்

வெற்றிடக் குழாய்க் காலத்தில் இச்சுற்று இரண்டு வகையில் சோதிக்கப்பட்டது. சுற்று அலைவுறும்போது குழாயின் கிரிட்டில் சிறு மின்னோட்டம் பாயும். அதன் அளவு, படிகம் எவ்வளவு வலுவாக அதிர்கிறது என்பதைக் காட்டியது. அதிர்வெண்ணை அறிய, அறிந்த அதிர்வெண் கொண்ட மற்றோர் அலையியற்றியுடன் ஒப்பிட்டனர். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விம்மல் ஒலியாகக் கேட்கும்; அதிர்வெண்கள் சமமானால் அவ்வொலி மறைந்துவிடும்.

போர்க்காலச் சிக்கல்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்தின் வானொலிக் கருவிகளுக்காகக் கோடிக்கணக்கான படிகங்கள் செய்யப்பட்டன. மூலப்பொருளான குவார்ட்சு பெரும்பாலும் பிரேசிலிலிருந்து வந்தது. தொழிற்சாலைச் சோதனையில் தேறிய படிகங்கள் பல, பின்னர் அதிர்வெண் உயர்ந்தும் அதிர்வு குன்றியும் பழுதாயின. இது முதுமையாதல் எனப்பட்டது. படிகம் நின்றுவிட்டால் டாங்கிக்கும் விமானத்துக்கும் கட்டளை போய்ச் சேராது.

இராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவில் பணியாற்றிய வர்ஜில் பாட்டம் இதன் காரணத்தைக் கண்டறிந்தார். தேய்ப்புத் துகள்களால் தகட்டை மெலிதாக்கும்போது அதன் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் உண்டாயின. ஈரக்காற்றில் அப்பரப்பிலிருந்து துணுக்குகள் தளர்ந்தன. தளர்ந்தவை அதிர்வைத் தடுத்தன. உதிர்ந்தபோது தகடு மெலிந்து அதிர்வெண் உயர்ந்தது. 5 மெகாஹெர்ட்சு ஏடி வெட்டுத் தகட்டின் தடிமனே ஏறத்தாழ 0.33 மில்லிமீட்டர்தான். எனவே மிகச் சிறிய இழப்பும் அளவியில் தெரிந்தது.

தீர்வும் விளைவும்

ஃபுளூரைடு கரைசலால் சேதமடைந்த பரப்பை அரித்து நீக்கும் முறை கட்டாயமாக்கப்பட்டது. இறுதி அதிர்வெண்ணும் தேய்ப்புக்குப் பதிலாக அரிப்பாலேயே எட்டப்பட்டது.

சோதனை நேரத்தில் சரியாக அலைவுறும் சுற்று தொடர்ந்தும் அவ்வாறே இயங்கும் என்பதற்கு உறுதியில்லை என்பதை இச்சிக்கல் உணர்த்தியது. இன்றைய படிகங்களின் தரவுத்தாள்களில், அறை வெப்பநிலையில் உள்ள அதிர்வெண் பிழையுடன், வெப்பநிலையால் ஏற்படும் விலகலும் ஆண்டுக்கான முதுமையாதல் அளவும் தனித்தனியே தரப்படுகின்றன.